வீட்டுக்கான காந்தப்புல மீட்டர்: அளவு சரி, விளக்கம்தான் பிழை

இணையக் கடைகளில் ‘ஈ.எம்.எஃப். மீட்டர்’ (மின்காந்தப்புல மீட்டர்) என்ற பெயரில், கைப்பேசியைவிடச் சற்றுத் தடிமனான ஒரு கருவி 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதலான விலையில் விற்கப்படுகிறது. உடல், திரை, மூன்று நிற விளக்குகள் எல்லாம் ஒன்றே. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் மட்டும் விற்பவருக்கு விற்பவர் மாறுகிறது. வீட்டிலும் தெருவிலும் இருக்கும் மின்கம்பிகள், டிரான்ஸ்பார்மர்கள், மின்சாதனங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை அளந்து, அது உடலுக்குப் பாதுகாப்பானதா என்று இந்தக் கருவி சொல்லிவிடும் என்பது விற்பவர்களின் வாக்குறுதி. எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருப்பவர்கள், தங்கள் படுக்கையறைச் சுவருக்கு அப்பால் எல்லா வீட்டு மின்மீட்டர்களும் வரிசையாக இருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டதால் இதை வாங்கினேன். இந்த விலைக்கு இது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அளக்கிறது. அளந்ததற்கு அது சொல்லும் பொருள்தான் தவறு.

கருவியின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டன்கள் உறுதியாக இருக்கின்றன, திரை இருட்டிலும் படிக்க முடிகிறது, பேட்டரி மூடிதான் தொட்டால் கழன்றுவிடுகிறது. மின்புலம், காந்தப்புலம் என்று இரண்டையும் காட்டுகிறது. மின்புல எண்ணை நம்ப வேண்டாம். கருவியைப் பிடித்திருக்கும் கையும் உடலுமே அந்தப் புலத்தைக் குலைத்துவிடுவதால், பிடிக்கும் விதத்துக்கு ஏற்ப எண் ஏறி இறங்குகிறது. சுவருக்குள் கம்பி ஓடுகிறதா என்று தேடுவதற்கு வேண்டுமானால் அது உதவும்.

காந்தப்புல அளவு எவ்வளவு நம்பகமானது என்பதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. நேரான ஒரு கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் ஓடினால், அதிலிருந்து 1 மீட்டர் தொலைவில் 0.2 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காந்தப்புலம் இருக்கும். இது பள்ளிப் பாடநூலில் உள்ள கணக்கு. மொட்டைமாடியில் இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பிகளை இழுத்துக் கட்டி, ஒன்று போகும் வழி, மற்றது வரும் வழி என்று வைத்து, கடைசியில் ஓர் இஸ்திரிப் பெட்டியை இணைத்தேன். கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 4.2 ஆம்பியர் காட்டியது. ஒரு கம்பியிலிருந்து உள்பக்கமாக 20 செ.மீ. தள்ளி, திரும்பி வரும் கம்பியின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4.7 மைக்ரோடெஸ்லா இருக்க வேண்டும், கருவி 4.4 காட்டியது. 40 செ.மீ. தள்ளி 2.6 இருக்க வேண்டிய இடத்தில் 2.5 காட்டியது. இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் ‘டிக்’ என்று அணைந்த கணத்தில் எண் பூச்சியத்துக்கு விழுந்தது, மறுபடி சூடேறத் தொடங்கியதும் அதே இடத்துக்கு ஏறி நின்றது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இந்தத் துல்லியம் வீட்டுத் தேவைக்குப் போதும்.

ஆனால் இது எதைக் காணாது என்பதையும் வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும். முதலாவதாக, நிலையான காந்தத்தை இது காட்டாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தத்தை அருகில் வைத்துவிட்டு ‘கருவி வேலை செய்யவில்லை’ என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருப்பவர்களின் கோபம் அதனால்தான். நம்மைச் சுற்றி எப்போதும் இருக்கும் புவியின் காந்தப்புலம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அது மாறாமல் இருப்பதால் திரையில் பூச்சியமே தெரியும், கருவியை வேகமாகத் திருப்பினால் மட்டும் எண் ஒரு துள்ளு துள்ளும். இரண்டாவதாக, இதன் உணரி ஒரே திசையில் உள்ள புலத்தை மட்டுமே அளக்கிறது. எனவே ஒரே இடத்தில் கருவியை நெடுக்காகவும் குறுக்காகவும் செங்குத்தாகவும் பிடித்து மூன்று எண்களைக் குறித்து, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1.2, 0.9, 0.4 என்று வந்தால் உண்மையான அளவு 1.55 மைக்ரோடெஸ்லா. இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

மூன்றாவது குறை இன்னும் பெரியது. பெட்டியின் மேல் ‘5 ஹெர்ட்ஸ் முதல் 3500 மெகாஹெர்ட்ஸ் வரை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸையும் கைப்பேசிக் கோபுரத்தின் ரேடியோ அலையையும் ஒரே உணரியால் அளந்து ஒரே எண்ணாகக் காட்டுவது நடக்காத காரியம். இன்டக்‌ஷன் அடுப்பு பொதுவாக 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இயங்குகிறது. அதன் அருகில் இந்தக் கருவி தருகிற எண் ஒரு விநாடிக்கு ஒன்றாகத் தாவுகிறது, பாத்திரத்தைச் சிறிது நகர்த்தினாலே மாறிவிடுகிறது. அந்த எண் சிறியதாக இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது, பெரியதாக இருந்தாலும் அஞ்சக் காரணமில்லை. அந்த வேலைக்கான கருவியே இது அல்ல.

எண்ணுக்குப் பொருள் தேடுவதற்கு முன், அந்தப் புலம் உடலில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மின்கம்பியைச் சுற்றி மின்புலம், காந்தப்புலம் என இரண்டும் உண்டு. மின்புலத்தைச் சுவரும் மரமும், உடலின் மேற்பரப்பும்கூடப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. காந்தப்புலத்துக்கு அந்தத் தடை கிடையாது. காந்தத்தன்மையைப் பொறுத்தவரை நம் தசையும் எலும்பும் காற்றுக்கும் தண்ணீருக்கும் ஏறத்தாழ சமம் என்பதால், புலம் உடலுக்குள் குறையாமல் ஊடுருவிச் செல்கிறது. விநாடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறிச் செல்லும் அந்தக் காந்தப்புலம், ஃபாரடே கண்டறிந்த அதே தூண்டல் விதியின்படி, உடலுக்குள் வட்டப் பாதைகளில் சிறு மின்புலத்தை உண்டாக்குகிறது. உப்புக் கரைசல் நிறைந்த நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், அந்தப் பாதைகளில் மிகச் சிறிய மின்னோட்டமும் ஓடுகிறது. பாதை பெரிதாக இருந்தால் தூண்டப்படும் மின்புலமும் பெரிது. அதனால் உடலின் நடுவைவிட ஓரங்களில் அது கூடுதலாக இருக்கும். வேதிப் பிணைப்புகளை உடைக்கும் ஆற்றல் 50 ஹெர்ட்ஸ் புலத்துக்கு அறவே கிடையாது. இந்த அளவுகளில் திசுக்களைச் சூடாக்கவும் அதனால் முடியாது. எக்ஸ்ரேயையும் மின்கம்பியையும் ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால் வந்த குழப்பம்தான் பாதி அச்சத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தத் தூண்டப்பட்ட மின்புலம் எவ்வளவு? உடம்பின் நடுப்பகுதியை 15 செ.மீ. ஆரமுள்ள வட்டமாகக் கொண்டால், 1 மைக்ரோடெஸ்லா காந்தப்புலத்தில் அதன் விளிம்பில் மீட்டருக்கு ஏறத்தாழ 24 மைக்ரோவோல்ட் வருகிறது. குறைந்த அதிர்வெண்களில் மின்புலத்துக்கு மிக எளிதில் எதிர்வினை காட்டும் உறுப்பு கண்ணின் விழித்திரை. அதற்கே மீட்டருக்கு 50 முதல் 100 மில்லிவோல்ட் வேண்டும், அதாவது மேலே சொன்னதைப் போல குறைந்தது இரண்டாயிரம் மடங்கு. கை கால்களில் உள்ள நரம்புகளைத் தூண்ட மீட்டருக்கு 4 முதல் 6 வோல்ட் தேவைப்படுகிறது. இன்னொரு பக்கம், ஓய்வில் இருக்கும் செல்லின் சவ்வுக்கு இரு புறமும் உள்ள 70 மில்லிவோல்ட் வேறுபாடு அவ்வளவு மெல்லிய படலத்தின் குறுக்கே நிற்பதால், அங்கே மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி வோல்ட் அளவிலான மின்புலம் இயல்பாகவே இருக்கிறது. வீட்டில் கிடைக்கும் புலம் இவற்றின் நடுவே என்ன மாற்றத்தைச் செய்ய முடியும் என்ற கேள்விக்கு, ஏற்றுக்கொள்ளப்பட்ட இயங்குமுறை எதையும் இயற்பியலாளர்களால் இதுவரை காட்ட முடியவில்லை.

வலிமை கூடினால் விளைவு உண்டு, அதில் ஐயமே இல்லை. பிரெஞ்சு மருத்துவரும் இயற்பியலாளருமான தார்சொன்வால் 1896-இல், பெரிய மின்சுருளுக்குள் தலையை வைத்தவர்களுக்குக் கண்ணில் ஒளிக்கீற்றுகள் மினுங்குவதைப் பதிவு செய்தார். 1910-இல் சில்வானஸ் தாம்ப்சன் லண்டனில் அதையே மறுபடி கண்டார். விழித்திரை செல்களைத் தூண்டுவதால் தோன்றும் இந்த மினுக்கம் 20 ஹெர்ட்ஸ் அளவில் மிக எளிதில் வருகிறது, அதற்கே பல ஆயிரம் மைக்ரோடெஸ்லா தேவை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர், டெஸ்லா அளவிலான காந்தத் துடிப்பை ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் தலைக்கு மேலிருந்து செலுத்தி, மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டிக் கைவிரல்களை அசைய வைத்தார்கள். இன்று மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அளிக்கப்படும் காந்தத் தூண்டல் சிகிச்சை அதிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 2008-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. இந்த உறுதியான விளைவுகளுக்கு மிகக் கீழே நிற்கும்படிதான் அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2010-இல் 50 ஹெர்ட்ஸுக்குப் பொதுமக்களுக்கான வழிகாட்டு அளவை 200 மைக்ரோடெஸ்லா என்று வைத்தது. அதற்கு முன் 1998-இல் அது 100 மைக்ரோடெஸ்லாவாக இருந்தது.

இப்போது நம் கருவிக்கு வருவோம். இதில் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி எழுப்பும் அளவு 0.4 மைக்ரோடெஸ்லா. கையேடு அதை ‘மனித உடலுக்குப் பாதுகாப்பான எல்லை’ என்கிறது. விளைவு என்னவென்றால், வீட்டில் எதற்கு அருகில் கொண்டுபோனாலும் சிவப்பு. மிக்சி ஓடும்போது ஒட்டிப் பிடித்தால் 60-ஐத் தாண்டியது. ஏசிக்கான ஸ்டெபிலைசரின் பக்கவாட்டில் 30-ஐ ஒட்டி நின்றது. இஸ்திரிப் பெட்டியின் அருகில் 10. மாடிவீட்டு அம்மா கருவியை என்னிடமிருந்து வாங்கித் தன் சமையலறையைச் சுற்றி வந்துவிட்டு, “அண்ணா, இத்தனை வருஷமா இதுக்கு நடுவுலயா சமைச்சிட்டு இருந்தேன்?” என்று கேட்டார். அதே மிக்சியிலிருந்து கை நீட்டும் தூரத்துக்கு விலகியதும் எண் 1-க்குக் கீழே போனதை அவரிடம் காட்ட வேண்டியிருந்தது. சுருளிலிருந்து வரும் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிராகக் குறையும். தொலைவை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஜெர்மனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்தின் அளவீடுகளாக உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டும் பட்டியலிலும் இதே கதைதான்: முடி உலர்த்தி 3 செ.மீ. தொலைவில் 6 முதல் 2000 மைக்ரோடெஸ்லா, 1 மீட்டரில் 0.01 முதல் 0.03.

தெரு டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒரு சொல். அதன் வேலிக்கு வெளியே நின்றபோது கிடைத்த அளவைவிட, அங்கிருந்து தனித்தனிக் கம்பிகளாகத் தெருவுக்கு மேலே போகும் தாழ்வழுத்த லைனுக்குக் கீழே கிடைத்த அளவு கூடுதலாக இருந்தது. டிரான்ஸ்பார்மரின் உள்ளே உருவாகும் புலம் பெரும்பாலும் அதன் இரும்பு உள்ளகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இடைவெளி விட்டுச் செல்லும் கம்பிகளின் புலங்கள் ஒன்றையொன்று முழுதும் ஈடுகட்டுவதில்லை. இரண்டுமே மிக்சியின் அருகில் வர முடியாத அளவுகள்.

இந்த 0.4 எங்கிருந்து வந்தது என்பது சொல்லப்பட வேண்டிய செய்தி. அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமரும் எட் லீப்பரும் 1979-இல், புற்றுநோய் வந்த குழந்தைகளின் வீடுகளுக்கு அருகில் அதிக மின்னோட்டம் செல்லும் கம்பிகள் கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். அவர்கள் புலத்தை அளக்கவில்லை; கம்பிகளின் அமைப்பை வைத்துக் கணித்தார்கள். பின்னர் பல நாடுகளில் அளவீடுகளுடன் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2000-இல் வெளிவந்த ஒரு தொகுப்பில், வீட்டின் சராசரிப் புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடையே ரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டது. ஆனால் அந்தப் பிரிவில் நூற்றுக்கு ஒரு குழந்தைகூட இல்லை. ஆய்வில் பங்கேற்க முன்வந்தவர்கள் யார், மறுத்தவர்கள் யார் என்பதில் உள்ள சாய்வும் கணக்கைக் குலைத்திருக்கலாம் என்பதை ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். விலங்குகளிடம் செய்த சோதனைகள் அந்தத் தொடர்பை உறுதி செய்யவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் காந்தப்புலங்களை 2பி, அதாவது ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறத்தக்கவை’ என்ற பிரிவில் வைத்தது. கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னாளில் அதே பிரிவுக்குள் வந்தது என்பதைச் சொன்னால், காலையில் வெறும் வயிற்றில் அதைக் குடிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு மதிப்பீடு, இதைக் காரண-விளைவுத் தொடர்பு என்று கொள்ளப் போதிய வலு இல்லை, ஆயினும் முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது என்றும், செலவில்லாமலோ மிகக் குறைந்த செலவிலோ புலத்தைக் குறைக்க முடிந்தால் குறைப்பது பொருத்தமே என்றும் கூறியது. முன்னெச்சரிக்கை என்ற பெயரில் மனம்போன போக்கில் மிகத் தாழ்ந்த எல்லைகளை வகுப்பதை அது ஏற்கவில்லை.

ஆக, 0.4 என்பது நீண்டகாலச் சராசரியை வைத்து ஆய்வாளர்கள் குழுக்களைப் பிரித்த ஒரு கோடு. ஒரு கணத்து அளவுக்கு அதைப் பொருத்தி மணியடிப்பது, மழை பெய்த ஒரு மணி நேரத்தை வைத்து ஆண்டு மழையளவை அறிவிப்பதற்கு ஒப்பாகும். இந்தக் கருவியில் சராசரியைக் கணக்கிடும் வசதியும் கிடையாது, பதிவு செய்து வைக்கும் நினைவகமும் கிடையாது. எந்த எண்ணை அடிப்படையாகக் கொண்டு எச்சரிக்கிறதோ அந்த எண்ணை அளக்கவே இதற்கு வழியில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை நான் திருப்பி அனுப்பவில்லை. தரைத்தள வீட்டில் மாலை நேரத்தில், எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது, மீட்டர் பலகை இருக்கும் சுவரை ஒட்டிய தலையணையில் மூன்று திசைகளையும் சேர்த்து 1.3 மைக்ரோடெஸ்லா கிடைத்தது; சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 0.25. ஆண்டுக்கணக்கில் தினமும் பல மணி நேரம் தலை வைத்துப் படுக்கும் இடம், அதிலும் குழந்தை உறங்கும் இடம் என்பதால், கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னேன். செலவு எதுவுமில்லை, உலக சுகாதார நிறுவனம் சொன்ன குறைந்த செலவு முன்னெச்சரிக்கை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்காது. பார்க்கும் இடமெல்லாம் மிக்சியை அளந்து திரிவதைவிட, உறங்கும் இடத்தையும் நெடுநேரம் உட்காரும் இடத்தையும் அளப்பதுதான் பயனுள்ளது.

இதைவிடப் பெரிய பயன் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அதே வீட்டின் நடைவழியில் எந்தச் சாதனமும் இல்லாத இடத்தில் 0.3 காட்டிக்கொண்டே இருந்தது. ஒரே குழாய்க்குள் ஃபேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் கம்பி) சேர்ந்து போனால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதால், சுவருக்குள் ஓடும் சரியான வயரிங் இப்படிக் காட்டாது. எலக்ட்ரீஷியன் வந்து அந்தச் சர்க்யூட்டின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கிளாம்ப் மீட்டருக்குள் விட்டார். பூச்சியம் வர வேண்டிய இடத்தில் 1.6 ஆம்பியர் வந்தது. எப்போதோ ஒரு பழுதின்போது யாரோ வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலை எடுத்து இணைத்துவிட்டிருக்கிறார்கள், ஆர்.சி.சி.பி. (போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் தானே அணைக்கும் பாதுகாப்பு சுவிட்சு) பொருத்தப்படாத பழைய இணைப்பு என்பதால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை. ஒரு சர்க்யூட்டை அணைத்துவிட்டு வேலை செய்பவருக்கு அந்த நியூட்ரலில் ஷாக் அடிக்க வாய்ப்பு உண்டு. காந்தப்புலத்தால் வரக்கூடும் என்று ஐயுறப்படும் எதையும்விட உறுதியான ஆபத்து அது. இணைப்பைச் சரிசெய்ததும் நடைவழியின் எண் 0.03-க்கு இறங்கியது. வயரிங் பிழையைக் கண்டுபிடிக்கும் கருவி என்று பெயரிட்டு இதே பொருளை விற்றிருந்தால் நான் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

இதயத்தில் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ பொருத்தியிருப்பவர்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கருவியின் பச்சை விளக்கை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அவர்களுக்குக் கவலை நரம்புத் தூண்டல் பற்றியது இல்லை. பொருத்தப்பட்ட கருவியின் கம்பி புறப்புலத்தை இதயத் துடிப்பாகத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதும், நிலையான காந்தம் அருகில் வந்தால் கருவி வேறு முறைக்கு மாறிவிடும் என்பதும்தான். நிலைக்காந்தத்தையும் இன்டக்‌ஷன் அடுப்பையும் இந்த மீட்டரால் சரியாகப் பார்க்க முடியாது என்பதை முன்பே சொன்னேன். இன்டக்‌ஷன் அடுப்பிலிருந்து பேஸ்மேக்கரை 60 செ.மீ. தள்ளி வைத்திருக்குமாறு பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் அறிவுறுத்துகிறது. தங்கள் கருவிக்கு உரிய இடைவெளியைப் பொருத்திய மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே முறை.

வாங்க நினைப்பவர்களுக்கு: வயரிங் சோதிக்கவும் படுக்கையறையை ஒருமுறை அளந்து பார்க்கவும் இது போதும், ஒலியை அணைத்துவிட்டு, விளக்குகளின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு, எண்ணை மட்டும் பாருங்கள். நாள் முழுதும் பதிவு செய்யவும் சராசரி காணவும் வேண்டுமென்றால், மூன்று அச்சு உணரியும் நினைவகமும் உள்ள கருவிக்குப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும். வீட்டில் எளிதில் பதற்றப்படுபவர்கள் இருந்தால் எதையும் வாங்காமல் இருப்பது நல்லது.

பெட்டியோடு ‘கதிர்வீச்சு தடுப்பு’ ஸ்டிக்கர் ஒன்றும் இலவசமாக வருகிறது. பொன்னிறத்தில், கைப்பேசிக்குப் பின்னால் ஒட்டுவதற்காம். ஸ்டெபிலைசரில் மீட்டரை ஒரு கட்டையின் மேல் அசையாமல் வைத்து 8.2 என்று குறித்துக்கொண்டு, இடையில் ஸ்டிக்கரை நுழைத்தேன். 8.2. இந்தக் காந்தப்புலத்தைத் திசைதிருப்ப டிரான்ஸ்பார்மருக்குப் பயன்படுத்தும் எஃகுத் தகடு போன்றவை வேண்டும். காகிதமும் பொன்னிறப் பூச்சும் அதற்கு எந்தத் தடையும் ஆகா. விற்பவரின் மீட்டரே விற்பவரின் ஸ்டிக்கரைப் பொய்யாக்குகிறதே என்று எழுதிக் கேட்டேன். ஸ்டிக்கர் இலவசப் பொருள் என்பதால் அதற்கு உத்தரவாதம் கிடையாது என்று பதில் வந்தது.